பி.டி. பீரியடைக் கட்டாயமாக்க வேண்டாமா? என் பெண்ணின் ஷூ இன்னும் புதுசாகவே இருக்கிறது

கொளத்தூர்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். என் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கொளத்தூர் பக்கம் ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை செருப்பு ஸ்டாண்டைத் துடைத்து அடுக்கும்போது அவளுடைய வெள்ளை கேன்வாஸ் ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். ஜூனில் பள்ளி திறந்த வாரம் வாங்கியது. அடியில் வரி வரியாக இருக்கும் ரப்பர் தேயவே இல்லை, இடுக்கில் ஒரு மண் துகள் கிடையாது, நடுவில் குழிவான இடத்தில் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டுகூட அப்படியே இருக்கிறது. புதனும் வெள்ளியும் பி.டி. யூனிஃபார்மும் இந்த ஷூவும் போட்டுக்கொண்டுதான் வேன் ஏறுகிறாள், அதனால் விளையாடுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டால், "பி.டி.யா? அதை மேத்ஸ் மிஸ் எடுத்துப்பாங்கப்பா" என்று சாதாரணமாகச் சொல்கிறாள். வெள்ளிக்கிழமை பீரியட் சயின்ஸுக்குப் போய்விடுமாம். ஜூனிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை மூன்றே தடவைதான் கீழே இறங்கினார்கள், அதில் ஒன்று ஆகஸ்ட் 15 மாஸ் டிரில்லுக்கு வரிசை பழக. குழந்தை அதைக் குறையாகச் சொல்லவே இல்லை, அதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. எங்களுக்கெல்லாம் பி.டி. பீரியட் போய்விட்டால் வகுப்பே முனகும். இவளுக்கு அது இருக்க வேண்டிய ஒன்று என்றே தெரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியையிடம் கேட்டேன். "போர்ஷன் முடிக்கணும் சார், அடுத்த வருஷம் ஒன்பதாவது, இப்பவே பேஸ் போட்டாத்தான் உண்டு" என்றார். நான் மேலே ஏதோ சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு அப்பா, "ஆடி ஓடி என்ன சார் மார்க் வரப்போகுது, இவங்க படிக்கத்தானே வைக்கிறாங்க" என்று டீச்சருக்காகப் பேச, நாலு பேர் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் தனி ஆள்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. பள்ளிப் பையோடு ஏறி வந்தால் கதவுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருகிறாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை. சாயங்காலம் தெருவில் விளையாட விடலாம் என்றால் எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கார், நடுவில் தண்ணி லாரி, அப்புறம் ஆறு மணிக்கு டியூஷன். ஆக பள்ளிக்கூடத்தில் கிடைத்தால்தான் உண்டு.

உடற்கல்வியைச் சட்டம் போட்டே கட்டாயமாக்க வேண்டும், மற்ற பாடம் மாதிரி மார்க்கும் வைக்க வேண்டும், அப்போதுதான் பள்ளிகள் பயப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மனைவி, மார்க் வைத்தால் அதற்கும் ஒரு டியூஷன் வந்துவிடும் என்கிறாள். ஆசிரியர்கள், பெற்றோர்கள் யாராவது அனுபவத்தில் சொல்லுங்கள்.

விசில்_மாஸ்டர்

தம்பி, நான் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஏட்டில் இது ஏற்கெனவே இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒரு பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்கிற இடத்தில் குடிநீர், கழிப்பறையோடு விளையாட்டு மைதானமும் இருக்கிறது. விளையாட்டுச் சாமான்கள் தனியாக இருக்கின்றன. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியராவது வேண்டும் என்றும் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2018-ல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தினமும் ஒரு பீரியட் என்று சொன்னது. நம் ஊரில் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே, கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள், முடிந்தால் உங்கள் பீரியடைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அமைச்சர் கேட்கிற அளவுக்கு அந்தக் கடன் பழகிப்போயிருக்கிறது. கடன் என்றுதான் பெயர், 31 வருஷத்தில் திரும்பி வந்த பீரியடை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அதனால் இன்னொரு சட்டம் வந்தாலும் சிக்கல் இந்தக் கால அட்டவணையில்தான் இருக்கிறது. பீரியட் நடந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? கணக்கு நடக்காவிட்டால் தேர்வில் தெரிந்துவிடும். பி.டி. நடக்காவிட்டால் உங்களைப் போல ஷூவைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, பீரியட் உண்மையில் நடந்தால் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் பலர் பார்த்ததே இல்லை. நாற்பது நிமிஷம். மாடியிலிருந்து இறங்கி வரிசையில் நிற்க ஐந்து நிமிஷம் போய்விடும். உடம்பு சரியில்லாதவர்கள் யார், லேஸ் கட்டாதவர்கள் யார் என்று பார்க்க இரண்டு மூன்று நிமிஷம். உடம்பைச் சூடேற்ற ஏழு நிமிஷம். அதற்கப்புறம் ஒரே ஒரு திறன், பத்து நிமிஷம், அதோடு சரி: இன்றைக்குப் பந்தைப் பிடிப்பது என்றால் பிடிப்பது மட்டும். மீதிதான் ஆட்டம். 48 பேரை ஒரே கூட்டமாக விடக் கூடாது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நாலு மூலைக்கு நாலு குழுவாகப் பிரித்தால்தான் எல்லோர் கையிலும் பந்து படும். இரண்டு பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பையன்கள் ஆட, பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதினால் அது பி.டி. இல்லை.

பந்து வந்தால் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து இருக்கும். பழைய சாக்ஸுக்குள் துணியைத் திணித்து முடிச்சுப் போட்டு ஒரு பந்து செய்து, இரண்டடி தூரத்தில் நின்று மெதுவாகப் போடுவேன். அது முகத்தில் பட்டாலும் வலிக்காது. வலிக்காது என்று தெரிந்த அன்றைக்குக் கண் திறக்கும். அப்புறம் டென்னிஸ் பந்து, அப்புறம்தான் த்ரோபால். மூன்று வாரம் தொடர்ந்து பீரியட் நடந்தால் போதும். நடுவில் ஒரு வாரம் விட்டால் கண் மறுபடி மூடிக்கொள்ளும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடன் வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

மார்க் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. சி.பி.எஸ்.இ. பதினொன்று, பன்னிரண்டில் உடற்கல்வி விருப்பப் பாடமாக இருக்கிறது, எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. கபடி ஆடுகளம் ஆண்களுக்கு 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று எழுதிவிட்டு, ஒரு தடவைகூட நடுக்கோட்டைத் தாண்டி ரெய்டு போகாமல் மார்க் வாங்கிவிடலாம். பீரியட் கட்டாயமாக இருக்கட்டும், வருகை கட்டாயமாக இருக்கட்டும். வேகத்துக்கும் உயரத்துக்கும் மார்க் வேண்டாம்.

பெருங்குடி_பெண்

கட்டாயம் ஆக்காதீர்கள் என்று எழுதத்தான் வந்தேன். இந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு, உடம்பும் கொஞ்சம் பருமன். என் பள்ளியில் பி.டி. பீரியட் தவறாமல் நடந்தது. ஒவ்வொரு வாரமும் இரண்டு கேப்டன்கள் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அணி பிரிப்பார்கள், நான் கடைசியில் மிஞ்சி நிற்பேன். என்னை எடுக்க வேண்டிய கேப்டன் பெயர்கூடச் சொல்ல மாட்டாள், கையை மட்டும் இப்படி ஆட்டுவாள், நான் போய் நின்றுகொள்ள வேண்டும். லேட்டாக வந்தால் ஐந்து ரவுண்டு, பேசினால் ஐந்து ரவுண்டு, ஷூ அழுக்காக இருந்தால் தோப்புக்கரணம். ஓடுவது தண்டனை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே பி.டி. பீரியட்தான். ஏழாவது படிக்கும்போது ஒரு நாள் மூச்சுத் திணறி உட்கார்ந்துவிட்டேன். நடிக்கிறேன் என்று நினைத்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். இன்ஹேலர் மூன்றாவது மாடியில், என் பையில் இருந்தது. ஒரு தோழி ஓடிப் போய் எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு பத்தாவது முடிகிற வரைக்கும் லீவு லெட்டர், வயிற்று வலி, டாக்டர் சீட்டு, எதையாவது சொல்லித் தப்பித்துக்கொண்டே இருந்தேன்.

இருபத்தெட்டு வயதில்தான் நீச்சல் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தவர் முதல் நாள் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் முடியும் உங்களால?" பத்து வருஷப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர்கூட அதைக் கேட்டதில்லை. இப்போது வாரத்தில் நாலு நாள் நீந்துகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போவதே குறைந்துவிட்டது.

ஆகவே உடம்பை அசைப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் நடந்த மாதிரியான பி.டி.யை எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயமாக்கினால், என்னைப் போல நூறு பேர் இருபது வருஷம் மைதானத்துப் பக்கமே போக மாட்டார்கள். கொளத்தூர் சார், உங்கள் பெண் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

விசில்_மாஸ்டர்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கேப்டன்களைக் கூப்பிட்டு ஆள் பொறுக்க விடுவது எங்கள் தொழிலில் ரொம்பப் பேர் செய்கிற தப்பு, ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன். ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணச் சொல்லிப் பிரித்தால் அந்தக் கையாட்டல் யாருக்கும் நேராது. அதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகாது. ரவுண்டு ஓடவிடுவதைத் தண்டனையாகத் தருவது கூடவே கூடாது, கல்வி உரிமைச் சட்டமே உடல் தண்டனையைத் தடை செய்திருக்கிறது. மூச்சு பிரச்சினை உள்ள பிள்ளைகளின் பெயர் ஆசிரியர் நோட்டில் இருக்க வேண்டும், இன்ஹேலர் அவர்களோடு கீழே வர வேண்டும். உங்களுக்கு நடந்ததற்கு என் தொழில் சார்பாக வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனாலும் கட்டாயம் வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விருப்பம் என்று விட்டால் முதலில் வகுப்பில் உட்கார்ந்துவிடுவது உங்களைப் போன்ற பிள்ளைகள்தான், அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. நன்றாக ஓடுகிறவன் எப்படியும் ஓடிவிடுவான்.

கண்பரிசோதனை_அக்கா

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அண்ணாநகர் பக்கம் வேலை. இந்தப் பேச்சில் யாரும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். எங்களிடம் முதல் கண்ணாடிக்கு வரும் பிள்ளைகளின் வயது குறைந்துகொண்டே வருகிறது. மூன்றாவது படிக்கும் பிள்ளைக்கு மைனஸ் இரண்டு என்று எழுதிக் கொடுக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் செல்போனைக் குற்றம் சொல்கிறார்கள். அதோடு இன்னொரு காரணமும் உண்டு, பகல் வெளிச்சத்தில் இருப்பது குறைந்துவிட்டது.

சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள், 2015-ல் முடிவு வெளியானது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் நாற்பது நிமிஷம் வெளியில் ஒரு வகுப்பைக் கூட்டினார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த வகுப்பு இல்லாத பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது, இருந்த பள்ளிகளில் 30.4 சதவீதம். தைவானில் 2010-லிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க வைக்கும் திட்டமே நடக்கிறது. வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்கிற ரசாயனம் கூடுகிறது, கிட்டப்பார்வைக்குக் காரணமான கண் நீள்வதை அது மட்டுப்படுத்துகிறது என்பதுதான் இப்போது பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம். வகுப்பறை டியூப்லைட்டை விட மேகம் மூடிய நாளின் வெளிச்சமே பல மடங்கு அதிகம்.

இதில் பெருங்குடித் தோழிக்கும் ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு ஓட்டம் தேவையில்லை, வெளியில் இருந்தால் போதும். மரத்தடியில் மெதுவாக நடந்தாலும் சரிதான். இதயத்துக்கும் எலும்புக்கும்தான் மூச்சு வாங்குகிற மாதிரி அசைய வேண்டும், உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினமும் 60 நிமிஷம் என்கிறது. வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் என்பது மொத்தமே 80 நிமிஷம். இரண்டும் நடந்தாலே ஒரு நாள் தேவைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது?

மூன்று_அரைநாள்

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி என்று 16,549 பேரை எடுத்தார்களே, அதில் ஒருவன். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. ஐயாயிரம் ரூபாயில் ஆரம்பித்தோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், பல வருஷம் மே மாதத்துக்குச் சம்பளமே கிடையாது. கட்டாயம், கட்டாயம் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். கட்டாயமான பாடத்தை அரைநாள் ஆளை வைத்து எப்படி நடத்துவது? நான் இல்லாத நாளில் வரும் பி.டி. பீரியட் யாருடைய பீரியட்?

எங்கள் பிள்ளைகளுக்கு ஆசை கொஞ்சமும் குறையவில்லை. நான் பைக்கை நிறுத்தும்போதே கேட் பக்கத்தில் நிற்பார்கள், "சார் இன்னைக்கு கோ-கோவா கபடியா" என்பார்கள். பாதிப் பேர் வெறுங்காலில் ஆடுகிறார்கள். மைதானத்தில் கல் பொறுக்குவதுதான் எங்கள் வார்ம்-அப், பத்து நிமிஷம் வரிசையாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டே போவார்கள். வாலிபால் ஒன்று இருக்கிறது, மேல்தோல் உரிந்து உள்ளே கறுப்பு தெரியும். குறுவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போக ஷேர் ஆட்டோவும் மதியச் சாப்பாடும் பெரும்பாலும் நம் கைக்காசு. ஆனாலும் ஒரு பிள்ளை குறுவட்டம் தாண்டி மாவட்டத்துக்குப் போய்விட்டால் அந்த வாரம் முழுக்கத் தூக்கமே வராது, அவ்வளவு சந்தோஷம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறாவதில் என்னோடு கபடி ஆடிய பெண் எட்டாவதில் தூணோரம் நின்றுவிடுகிறாள். வயதுக்கு வந்ததும் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், துப்பட்டா அவிழ்ந்தால் பையன்கள் சிரிக்கிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் இல்லை. இரண்டு வருஷம் முன்னால் தலைமை ஆசிரியை அம்மாவிடம் பேசி பெண்களுக்கு டிராக் பேண்ட்டும் டி-ஷர்ட்டும் வாங்க வைத்தோம், ஊரில் ஒரு நன்கொடையாளர் கொடுத்தார். அந்த வருஷமே தூணோரம் நின்றவர்களில் ஒன்பது பேர் கோட்டுக்குள் வந்துவிட்டார்கள். ஒரு டிராக் பேண்ட்டுக்காகத்தான் அவ்வளவு நாள் நின்றிருக்கிறார்கள். கண்ணகி நகர் கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் இருந்தபோது, அந்த வீடியோவை என் போனில் எல்லோருக்கும் காட்டினேன். "நம்ம மாதிரியே பேசுது சார் அந்த அக்கா" என்றாள் ஒருத்தி.

விசில் மாஸ்டர் ஐயா, நீங்கள் சொன்ன அந்த சாக்ஸ் பந்தை வியாழக்கிழமையே செய்து பார்க்கப் போகிறேன்.

மேத்ஸ்_மிஸ்

பி.டி. பீரியடை எடுத்தவர்களில் நானும் ஒருத்தி, அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். நாங்கள் ஏன் எடுக்கிறோம் என்றால், ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ரிசல்ட் மீட்டிங் நடக்கும். உங்கள் பாடத்தில் எத்தனை பேர் ஃபெயில், எத்தனை சென்டம் என்று பத்து பேர் முன்னால் நிற்க வைத்துக் கேட்பார்கள். பி.டி. எத்தனை பீரியட் நடந்தது என்று அந்த மீட்டிங்கில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. மழை லீவு நாலு நாள் போனால் அந்த நாலு நாளை எங்கிருந்து எடுப்பது? கையில் கிடைப்பது பி.டி.யும் டிராயிங்கும்தான்.

போன வருஷம் ஒன்பதாவது 'பி' பிரிவில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை எடுத்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கீழே 'ஏ' பிரிவு விளையாடும் சத்தம் கேட்கும். ஒரு நாள் காரணிப்படுத்தல் கணக்கு ஒன்றை மூன்று தடவை போட்டேன், மூன்றாவது தடவையும் யாருக்கும் ஏறவில்லை, எனக்கே தொண்டை வற்றிவிட்டது. கீழே போங்கள் என்று அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு வருஷம் முடிகிற வரை அந்தப் பீரியடைத் தொடவில்லை. வருஷத் தேர்வில் சராசரி கூடவில்லை. குறையவும் இல்லை. அப்படியானால் அதற்கு முன்னால் நான் பிடுங்கிய பீரியடெல்லாம் எதற்கு என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை.

கொளத்தூர் சார், வகுப்பாசிரியையைத் தனியாகக் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தாளாளரிடமோ முதல்வரிடமோ நாலைந்து பெற்றோர் சேர்ந்து போங்கள். பி.டி. பீரியட் நடந்த தேதியை மாணவர் டைரியில் எழுதி அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எழுத வேண்டும் என்று வந்துவிட்டால் எடுக்கக் கை வராது, எங்களுக்கும் அது ஒரு பாதுகாப்பு, "டைரியில போடணும் சார்" என்று மேலே சொல்லிவிடலாம்.

புரசை_வாசி

மேலே எழுதிய எல்லோரும் மைதானம் இருக்கிற பள்ளியைப் பற்றியே பேசுகிறீர்கள். புரசைவாக்கத்திலும் தி.நகரிலும் வந்து பாருங்கள், கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி வகுப்பறை, அசெம்பிளிக்கே இடம் போதாமல் பாதி வகுப்பு வராந்தாவில் நிற்கும். கேரள உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் மைதானம் இல்லாத பள்ளிகள் விஷயத்தில் கடுமையாகவே சொன்னது. நாலு மாதத்துக்குள் அரசு விதிமுறை வகுக்க வேண்டும், அதன்படி மைதானம் இல்லையென்றால் பள்ளியை மூடுவது வரை போகலாம் என்றது. இங்கே மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதும் ஒரு கேள்வி.

எனக்குத் தெரிந்த வழி, மாநகராட்சி மைதானங்களைக் காலை வேளையில் பக்கத்துப் பள்ளிகளுக்கு முறை வைத்துத் தருவது. வேலை நாளில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் பக்கத்து மைதானத்தில் நாய்தான் படுத்திருக்கிறது. 2024 அக்டோபரில் செயற்கைப் புல் போட்ட கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விட்டு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கலாம் என்று மாநகராட்சி தீர்மானம் போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்றார்கள். அந்த மைதானங்கள் காசில்லாத பிள்ளைகளுக்கு இருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. அதே வேகத்தில் பள்ளிகளுக்கும் கேட்கலாமே.

இன்னொன்று, நேரம். 2023-ல் ஜூன் 12, 2024-ல் ஜூன் 10 என்று வெயிலுக்காகப் பள்ளி திறப்பையே தள்ளி வைத்த ஊர் இது. மதியம் இரண்டரை மணிக்கு சிமெண்ட் தரையில் பி.டி. வைத்தால் யார் வருவார்கள்? முதல் இரண்டு பீரியடுக்குள் வையுங்கள். மழைக்காலத்தில் வராந்தாவில் ஸ்கிப்பிங் போதும், இடமும் கேட்காது, காசும் கேட்காது. சிலம்பம் தெரிந்த ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.

கொளத்தூர்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன். பெருங்குடிச் சகோதரி சொன்னபடி முதலில் டாக்டரிடம் காட்டினேன். நெஞ்சில் ஒன்றும் இல்லை, ரத்தம் கொஞ்சம் குறைவு, இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்கிறார், நடக்கவும் விளையாடவும் சொன்னார். நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பி.டி. பீரியடை மட்டுமே திட்டிக்கொண்டிருந்திருப்பேன், அம்மா.

பெற்றோர் குழுவில் கேட்டுப் பார்த்ததில் ஐந்து பேர் வந்தார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் மார்க் பற்றிக் கேட்ட அந்த அப்பாவும் வந்தார், அவர் பையனுக்கு இந்த மாதம் கண்ணாடி போட்டார்களாம், கண்பரிசோதனை அக்கா எழுதியதைக் காட்டினேன். முதல்வர் உட்கார வைத்துப் பேசினார். வெள்ளிக்கிழமை பீரியடை இனி யாரும் எடுக்க மாட்டார்கள், டைரியில் தேதி வரும் என்று ஒத்துக்கொண்டார். புதன்கிழமைக்கு மட்டும், அரையாண்டு முடியட்டும் பார்க்கலாம் என்றார். கணக்கு மிஸ் இன்னும் விடவில்லை. அதற்கு ஜனவரியில் மறுபடி போவோம்.

முதல்வரிடம் பேசிய பிறகு போன வெள்ளிக்கிழமைதான் முதல் தடவையாகக் கீழே இறங்கினார்கள். த்ரோபாலாம். வேனிலிருந்து இறங்கும்போதே கால்விரலைக் காட்டினாள், ஷூ முன்னால் இடித்து நகம் சிவந்திருந்தது. நாலு மாதம் ஓடி விளையாடாமலே அளவு சின்னதாகிவிட்டது. சாயங்காலம் பெரம்பூர் போய் ஒரு அளவு பெரியதாக வாங்கி வந்தோம், கடையிலேயே உட்கார்ந்து விலைச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள்.

மாஸ்டர், ஒரு சந்தேகம். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன்பா என்கிறாள். இரண்டடி தூரத்தில் நின்று கீழிருந்து மேலே போட வேண்டுமா, நேராக நெஞ்சுக்குப் போட வேண்டுமா? சாக்ஸ் பந்து செய்துவிட்டோம்.

விசில்_மாஸ்டர்

கீழிருந்து மேலே, அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்து விழுகிற மாதிரி. "பிடி" என்று சொல்லாதீர்கள், பந்தின் மேல் என்ன கலர் முடிச்சு என்று கேளுங்கள், கண் தானாகத் திறந்திருக்கும். ஒரு நாளைக்கு இருபது தடவைக்கு மேல் வேண்டாம்.